உள்ளே தொண்ணூற்றொன்பது பேர்

எந்த ஊர் என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஒரு ஊர் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் குலசேகரன் முதலாளி ஒரு பிளாக்செயின் ஆபீஸ் வைத்திருந்தார். பிளாக்செயின் என்றால் பயப்பட வேண்டாம், அது ஒரு நோட்டு. எழுதினால் அழிக்க முடியாது. எழுத டோக்கன் வேண்டும். டோக்கனே இல்லாத புது ஆளுக்கு முதல் டோக்கனை இலவசமாகச் சொட்டுகிற ஏற்பாட்டுக்குக் குழாய் என்று பெயர்; சொட்டுவதற்கான டோக்கன்கள் சேர்த்து வைத்திருக்கும் கணக்குக்குத் தொட்டி என்று பெயர்.

குழாயைக் கட்டியவர்கள் வைரவன், சூசைராஜ், தெய்வசிகாமணி. மூன்று பேருக்கும் சேர்த்து மூளை ஒன்று. கட்டின அன்று அது யார் வீட்டில் இருந்ததோ தெரியாது.

முதலாளி வெளியூர் கிளம்பும்போது சொன்னார்: "டோக்கன் இல்லாதவங்களுக்கு மட்டும் குடுங்க. திருட்டுப் பயலுக நுழைவானுக, தொட்டியில ஒண்ணு குறைஞ்சாலும் தோலை உரிச்சிடுவேன். வர்றவங்க போறவங்களைப் பதியுங்க, பதிஞ்சதை அழிக்காதீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள நூறு புது ஆளு வரலேன்னா ஆபீஸுக்குப் பூட்டு. நீங்க பழையபடி பஸ்ல வெள்ளரிக்காய் விக்கலாம்."

மூன்று நாள் ஈ கூட வரவில்லை. வியாழக்கிழமை கீழ்க்கடையில் துணி தைக்கும் செண்பகவல்லி அக்கா வந்தார். பள்ளிச் சீருடை ஆர்டருக்கு அந்த நோட்டில் பேர் பதிய அவருக்கு ஒரே ஒரு டோக்கன் வேண்டும்.

கொடுத்தார்கள். சூசைராஜ் 'வந்தவர்: ஒன்று' என்று பதிந்தான். அக்கா எழுந்தார்.

"அண்ணே," என்றான் தெய்வசிகாமணி, தொட்டியைப் பார்த்து. "ஒண்ணு குறையுது."

மூவருக்கும் தோல் கூசியது. அக்காவின் போனை வாங்கி டோக்கனைத் திருப்பி எடுத்தார்கள்.

"இப்ப அக்காகிட்ட டோக்கன் இருக்கா?"

"இல்ல."

"இல்லாதவங்க யாரு?"

"புது ஆளு."

"வாங்கக்கா, வாங்க! புதுசா வந்திருக்கீங்க!"

'வந்தவர்: இரண்டு.'

"ஏன்டா, வெளையாடுறீங்களா?"

"நூறு ஆகட்டும்க்கா, அப்புறம் உங்களுக்கேதான்," என்றான் வைரவன்.

அக்கா கீழே போகவில்லை. சட்டைகளை மேலே கொண்டுவரச் சொல்லி பட்டன் தைத்துக்கொண்டே இடது கையால் போனை நீட்டினார். மறுநாள் மத்தியானம் நூறு ஆனது.

சாயங்காலம் முதலாளி வந்தார். நோட்டில் நூறு. தொட்டியும் நிறைந்திருந்தது. வாய் காதுவரை போனது.

"எங்கடா அத்தனை பேரும்?"

அக்காவைக் காட்டினார்கள். வாய் திரும்பி வந்தது.

"பூட்டுடா ஆபீஸை!"

"என் டோக்கன்?" என்றார் அக்கா.

"அது புது ஆளுங்களுக்குக்கா," என்றான் வைரவன் பணிவாக. "நீங்க நூறு தடவை வந்தாச்சே."

"உங்களுக்கெல்லாம் வெள்ளரிக்காய் விக்கிறதே பெரிய உத்தியோகம்டா!" பட்டன் டப்பாவை இடுக்கிக்கொண்டு அக்கா இறங்கிப் போனார். சூசைராஜ் பதிந்தான்: 'போனவர்: ஒன்று.'

முதலாளி ஷட்டரைப் பாதி இழுத்தார். தெய்வசிகாமணி ஓடிவந்து கையைப் பிடித்தான்.

"பூட்டாதீங்க முதலாளி! பாவம், உள்ள இன்னும் தொண்ணூத்தொம்பது பேர் இருக்காங்க!"

"எவன்டா இருக்கான்?"

நோட்டை நீட்டினான். வந்தவர் நூறு, போனவர் ஒன்று. முதலாளி இரண்டு முறை கழித்துப் பார்த்தார். விரலைவிட்டும் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அழிக்கவும் முடியாது.

பூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, குனிந்து காலி ஆபீஸை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"சாப்பிட்டாங்களாடா?"