தொட்ட பின் ஒரு கும்பிடு

“நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் பொய்யா?”

வந்ததும் வராததுமாக நம்பி ஆசான் கேட்டது இதைத்தான். ஒரு கும்பிடு கிடையாது, சௌக்கியமா என்ற விசாரிப்பும் கிடையாது.

கேட்டு முடிப்பதற்குள் அவர் தொண்டைக்குழியில் ஒரு கம்பு வந்து நின்றது.

கம்பைப் பிடித்திருந்தவர் கொம்பையா. இடது கை அதுபாட்டுக்குக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தது. முதுகு பாறையோடு ஒட்டியிருந்தது.

“புளியமரத்தடியிலயே நின்னு குரல் குடுக்கணும்னு உமக்கு யாரும் சொல்லலையா?”

“சொன்னாங்க. மறந்துட்டேன்.”

“நல்லா மறந்தீரு போம். கொஞ்சம் விட்டிருந்தா உம்மைப் பெத்தவளே மறக்க வேண்டியதாப் போயிருக்கும். யாரு நீரு?”

“கீழூர்க் களரி ஆசான். நம்பி.”

கம்பு இறங்கியது.

“ஓகோ! அந்த ஆசானா? தேர்த் திருநாளுக்குக் கண்ணைக் கட்டிக்கிட்டு வாள் வீசுவீரே. ஒருத்தன் தலையில எலுமிச்சம்பழத்தை வச்சு, ரெண்டாப் பொளப்பீரே.”

“ஆமா.”

“பழத்துக்கு அடியில இருந்த தலை பத்திரமா இருக்கா?”

கொம்பையா கேலிக்குத்தான் கேட்டார். ஆனால் அந்தத் தலை நம்பியின் சீடன் இசக்கியுடையது. போன தை மாதம் கணவாய்ச் சண்டையில் அது போய்விட்டது.

கொம்பையாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம்பியைவிட அவருக்குப் பத்துப் பதினைந்து வயது குறைவு. களரிப் பக்கம் தலைவைத்துப் படுத்தவரில்லை. ஆனால் ஒரு காலத்தில் பாளையத்துச் சண்டை ஒன்று விடாமல் முன்வரிசையில் நின்றவர். நின்ற சண்டையிலிருந்தெல்லாம் திரும்பி வந்தவர். இப்போது மலையடிவாரத்தில் ஒற்றை ஆளாகக் கிடந்தார். ஆடு மேய்ப்பவர்கள்கூட அவருடைய பாறையைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள்.

நம்பி தரையில் உட்கார்ந்தார்.

“தம்பி, என்னைச் சீடனாச் சேத்துக்கிடணும்.”

“தம்பிங்கீரு. சீடனாச் சேத்துக்கிடச் சொல்லுதீரு. ரெண்டுல ஒண்ணை விடும் அண்ணாச்சி.”

நம்பி சிரிக்கவில்லை.

“சரி, சொல்லும். என்ன ஆச்சு?”

“இசக்கின்னு ஒரு பய. என் களரியிலயே அவன்தான் ஒசத்தி. அப்பன் இல்லாத பய, என்கிட்டதான் வளந்தான். ஒரு தட்டுலதான் ரெண்டு பேரும் சாப்பிடுவோம். கணவாய்ச் சண்டையில என் பக்கத்துலயே நின்னான்.”

“ம்.”

“தொட்டான் தம்பி. அட, என்ன அழகாத் தொட்டான்! எதிராளி விலாவுல வாள் இறங்கிட்டு. அப்படி ஒரு தொடலை நானே போட்டதில்லை.”

“பெறவு?”

நம்பி இடுப்பு வாளை அவிழ்த்துத் தரையில் வைத்தார்.

“எங்க களரியில ஒரு வழக்கம். எதிராளியைத் தொட்டுட்டா ஆட்டம் முடிஞ்சுது. தொட்டவன் பின்வாங்கணும். வாளைத் தாழ்த்தணும். தலை குனிஞ்சு எதிராளியைக் கும்பிடணும்.”

“சண்டையிலயா கும்பிட்டான்?”

“சண்டையிலதான். பால்மணம் மாறாத வயசுலேர்ந்து நான் பழக்கினது. அவன் நினைச்சுச் செய்யல, உடம்பு செஞ்சுது. குத்துப்பட்டவன் விழுறதுக்கு முந்தி ஒரு வீச்சு வீசினான். குனிஞ்ச கழுத்துல.”

கஞ்சி அடிப்பிடித்துத் தீய்ந்த வாடை வந்தது. இருவரும் அடுப்பைப் பார்க்கவில்லை.

“அதுலேர்ந்து ஊர்ல ஒருத்தரும் என் முகத்தைப் பாத்துப் பேசுறதில்லை. அவன் ஆத்தா கிணத்தடியில என்னைக் கண்டா குடத்தை அப்படியே போட்டுட்டுப் போயிருதா. ஏசினாக்கூடத் தேவலை. ஏச மாட்டேங்கா.”

களரியும் காலியாகிவிட்டது. நம்பி மட்டும் விடியலில் போய்த் தனியாக வாள் சுழற்றுவார். எதிரே ஆள் இல்லாமல் வாள்வீச்சுப் பழகிப் பாருங்கள், அப்போது தெரியும். எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் கை சுற்றிச் சுற்றி வரும். உள்ளே வந்து உட்கார்ந்தால் அந்த ஒற்றைத் தட்டு.

“இப்போ பாளையக்காரர் புதுசா இருபது பயலுவளை அனுப்புதாரு. அறுப்பு முடிஞ்சதும் வந்திருவாங்க. அடுத்த சண்டைக்கு நான் தேத்தி விடணுமாம். என்னத்தைச் சொல்லிக்கொடுக்க? அதே கும்பிடையா? நெசச் சண்டை உனக்குத்தான் தெரியும். அதை எனக்குச் சொல்லிக்கொடு. இல்லைன்னா இந்த வாளை ஆத்துல எறிஞ்சிட்டு எங்கயாவது போயிருதேன்.”

கொம்பையா எழுந்தார். இன்னொரு கம்பை எடுத்து நம்பியிடம் எறிந்தார்.

“வாரும்.”

கம்பு கையில் பட்டதும் நம்பியின் உடம்பு மாறிவிட்டது. ஐம்பது வயது என்று யாராவது சொல்ல முடியுமா! இடப்பக்கம் போக்குக் காட்டி வலப்பக்கம் புகுந்தார். கம்பு நுனி கொம்பையாவின் விலாவைத் தொட்டது.

நம்பி பின்வாங்கினார். கம்பைத் தாழ்த்தினார். தலை குனிந்தார்.

பிடரியில் பளீரென்று விழுந்தது.

“செத்தீரு. எந்திரியும்.”

மறுபடி நின்றார்கள். மறுபடி நம்பிதான் தொட்டார். குனியக் கூடாது, குனியக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் குனிந்தார்.

“மறுபடியும் செத்தீரு.”

பிடரி எரிந்தது. இதே இடத்தில்தானே அந்தப் பயலுக்கும் விழுந்தது என்று நினைத்தார். அவ்வளவுதான், கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

அடுத்த தடவை தொட்டார். நிற்கவில்லை. அடித்தார். கொம்பையா சாய்ந்த பிறகும் அடித்தார். கொம்பையாவின் கம்பு எகிறிப் போய் விழுந்தது. அதற்கு மேலும் அடித்தார். கையிலிருந்த கம்பு முறிந்த பிறகுதான் நின்றார்.

கொம்பையா தரையில் கிடந்தார். நெற்றி கிழிந்து ரத்தம் புருவத்தில் இறங்கியது.

“கத்துக்கிட்டீரு,” என்றார். “கெளம்பும்.”

“இவ்வளவுதானா?”

“இவ்வளவேதான். ஒரு காலை வேளை போதும். உம்ம இருபது பயலுவளுக்கும் அதுவே போதும். எந்த முட்டாப் பயலுக்கும் வந்திரும்.”

நம்பி சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கேட்டு வந்தது கிடைத்துவிட்டதே! ஆனால் முறிந்த கம்பைப் பிடித்திருந்த கை வெடவெடவென்று நடுங்கியது. மறு கையால் அமுக்கிப் பிடித்தார். அப்படியும் நிற்கவில்லை.

“கை நிக்க மாட்டேங்குதே.”

“நிக்காது.”

“எப்போ நிக்கும்?”

கொம்பையா சிரித்தார். சிரிப்பு பாதியில் அறுந்தது.

“என்கிட்டப் போய்க் கேக்கீரே அண்ணாச்சி.”

எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே நகர்ந்து முதுகைப் பாறையோடு ஒட்டிக்கொண்டார்.

“எனக்கும் வீடு இருந்துது. பெஞ்சாதி இருந்தா. ஒருநாள் பின்னாடி வந்து, சாப்பிட வாங்கன்னு தோளைத் தொட்டா. அம்புட்டுத்தான். என்ன நடந்துதுன்னே தெரியல. திரும்பிப் பாத்தா அவ கை முறிஞ்சு கிடக்கா.”

“ஏசினாளா?” என்றார் நம்பி.

“ஏசல. அழுதுக்கிட்டே ஆத்தா வீட்டுக்குப் போயிட்டா. அதுக்கப்புறந்தான் நான் இந்தப் பாறைக்கு வந்தேன். இங்க பின்னாடி வர ஆளு இல்லை பாரும்.”

ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

“என் சண்டையெல்லாம் முடிஞ்சு எத்தனையோ நாளாச்சு. முடிஞ்சுதுன்னு என் கைக்கு யாரு சொன்னா?”

அடுப்பு அணைந்திருந்தது. புளியமரத்தில் காற்று அடித்தது. அந்தச் சின்னச் சத்தத்துக்கே கொம்பையாவின் கண் ஒருமுறை மரத்துக்குப் போய்த் திரும்பியது.

பிறகு, கேட்கவே கூச்சப்படுகிறவர் மாதிரி, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“அந்தக் கும்பிடு, அதை எப்படிப் போடுதது? எந்தக் காலைப் பின்னால வைக்கணும்?”

நம்பி அவர் எதிரே வந்து நின்றார்.

“எந்திரி,” என்றார்.

கொம்பையா எழுந்து தன் கம்பை எடுத்துக்கொண்டார்.

“என்னைத் தொடு.”

கம்பு நுனி நம்பியின் விலாவில் பட்டது.

“இப்போ வலது காலைப் பின்னால எடு. கம்பைத் தாழ்த்து. அப்படித்தான். தலையைக் குனி.”

கால் போனது. கம்பு தாழ்ந்தது. தலை மட்டும் குனியவில்லை. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது.

“முடியல அண்ணாச்சி. கண்ணு உம்ம கையை விட்டு வர மாட்டேங்குது.”

“தெரியுது.”

“குனிஞ்சா அடிப்பீரா?”

நம்பி முறிந்த கம்பைத் தரையில் வைத்தார். தொடப்பட்டவர் முதலில் குனியும் வழக்கம் அவர் களரியில் கிடையாது. குனிந்தார். சற்றுமுன் இருமுறை அடிபட்டுச் சிவந்து கிடந்த அதே பிடரியைக் காட்டிக்கொண்டு குனிந்தார். எதிரே நின்றவர் கையில் முழுக் கம்பு இருந்தது.

அடி விழுமா, விழாதா? நம்பிக்குத் தெரியாது. சத்தியமாகக் கொம்பையாவுக்கே தெரியாது. தரையையே பார்த்துக்கொண்டு நின்றார் நம்பி. அவருடைய கை நடுக்கம் எப்போது நின்றது என்று அவர் கவனிக்கவில்லை.

எதிரே மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு கம்பு தரையில் விழும் சத்தம் கேட்டது.

நம்பி நிமிர்ந்து பார்த்தார். கொம்பையா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, பாதி குனிந்து நின்றார். உடம்பெல்லாம் வேர்த்திருந்தது.

“பத்தாது,” என்றார் நம்பி. “இன்னும் குனி. தாடை நெஞ்சைத் தொடணும். அறுப்பு முடிஞ்சதும் பயலுவ வந்திருவாங்க. ஒரு காலை வேளை நீ அடிக்கச் சொல்லிக்கொடு, மிச்ச நாளெல்லாம் சண்டை முடிஞ்சுதுன்னு கைக்குச் சொல்ல நான் சொல்லிக்கொடுக்கேன். களரியில இசக்கி நின்ன இடத்துல நின்னு, கும்பிடு எப்படின்னு காட்டப்போறது நீதான்.”