ஆருத்ராவன்று ஆவுடையம்மாள் நின்ற இடம்

தாமிரபரணிக் கரையூர் ஒன்றின் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் ஆவுடையம்மாள் என்றோர் ஆயா இருந்தார். மூத்திரத் துணி அலசுவதும் தரை துடைப்பதும் அவருடைய திருப்பணி. திருப்பணி என்று சொன்னது நாமில்லை, அவரேதான். சொல்லிவிட்டுச் சிரிப்பார். வேலை முடிந்ததும் குளித்து, நீறு பூசி, சிவன் கோயிலுக்கு நடப்பார். எவ்வளவு குளித்தாலும் ஆஸ்பத்திரி வாடை போகாது. பக்கத்தில் நிற்பவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். இவர் விலகிக் கொடிமரத்தருகே போய் நின்றுகொள்வார். "இடிபடாம பாக்க எடம் குடுத்திருக்காரே" என்று அதற்கும் ஒரு நன்றி. நன்றி சொல்வதில் மட்டும் அவரிடம் கஞ்சத்தனமே கிடையாது.

ஒரு கார்த்திகை மாதம் மாரிக்கனி என்ற பெண் தன் தலைச்சன் பிள்ளையோடு அங்கே வந்து சேர்ந்தாள். பிள்ளைக்கு அடிவயிறு மூடாமல், மூத்திரப்பை வெளியே திறந்தபடி இருந்தது. டாக்டரம்மா மணிக்கணக்கில் ஆபரேஷன் செய்து பையை மூடி உள்ளே வைத்தார், விலகியிருந்த இடுப்பெலும்பையும் சேர்த்துத் தைத்தார். பிறகு இரண்டு கால்களையும் ஒன்றாகச் சேர்த்துத் துணிக்கட்டுப் போட்டுவிட்டார். ஆறு வாரம் பிள்ளை அப்படியே மல்லாக்கக் கிடக்க வேண்டும். தூக்கக் கூடாது, மடியில் போடக் கூடாது. கால் விரிந்தால் எலும்பு விலகும், தையல் பிரியும். மறுபடி தைத்தால் ஒட்டுவது அரிது.

பெற்றவள் கட்டில்மேல் குனிந்து குனிந்தே பால் கொடுத்தாள். அவளுக்கு இடுப்பு விட்டுப்போகும்போதெல்லாம் ஆவுடையம்மாள் பின்னால் நின்று தாங்கிக்கொள்வார்.

பிள்ளையைப் பார்க்க அத்தை இசக்கியம்மாள் வந்தாள். பொல்லாதவள் இல்லை. அண்ணன் பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தாள். ஆனால் அவள் கண்ணில் பட்டது கட்டிய கால்கள். உயிர் போன உடம்புக்குத்தானே நம் பக்கத்தில் காலைச் சேர்த்துக் கட்டுவார்கள்? அவள் சத்தம் போட்டாள்.

"பொணத்துக்குல்லா இப்பிடிக் கட்டுவாக! உசுரோட கெடக்க பிள்ளையைப் போயி கட்டி வச்சிருக்கீகளே!"

"இது பொழைக்கதுக்குப் போட்ட கட்டும்மா" என்றார் ஆவுடையம்மாள்.

"ஒரு பிள்ளையப் பெத்திருந்தால்லா ஒனக்கு அந்த வலி தெரியும்!"

பிள்ளையில்லாத அவருக்கு அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது. துணி அலசும் தொட்டியடியில் போய் அழுதார். அழுது முடித்ததும், பிள்ளைக்காகச் சண்டை போட ஓர் அத்தையைக் கொடுத்ததற்காக இறைவனுக்கு நன்றி சொன்னார்.

மார்கழித் திருவாதிரை வந்தது. முப்பத்தோரு வருஷமாக அவர் ஆருத்ரா தரிசனத்தைத் தவறவிட்டதில்லை. விடியற்காலை குளித்து, இருந்ததில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு கிளம்பியவர், பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வார்டுக்குள் நுழைந்தார். மாரிக்கனி முகம் கழுவப் போயிருந்தாள். நல்ல நாளும் அதுவுமாகப் பிள்ளை இப்படிக் கிடக்கக் கூடாது என்று இசக்கியம்மாள் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கடைசிச் சுற்றும் கழன்றது. பிள்ளை உதைக்கத் தொடங்கியது.

ஆவுடையம்மாள் பாய்ந்துபோய் இரண்டு முழங்கால்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். "நான் வந்து பாக்குற வரைக்கும் கட்ட வேண்டாம். கால் மட்டும் விரியக் கூடாது" என்று பதில் வந்தது.

பிள்ளை வீறிட்டது. அழுத்தினால் அதற்கு வலிக்கும், தளர்த்தினால் கால் விரியும். ஆவுடையம்மாள் குனிந்த முதுகு குனிந்தபடியே ஒன்றரை மணி நேரம் நின்றார். கைகள் மரத்துப்போயின. கோயிலில் தீபாராதனை மணி அடிக்கும் ஓசை சன்னல் வழியே வந்தது. கண்ணில் நீர் முட்டியது.

"சாமி, கும்பிடக் கை ஒழியல. கோவிச்சுக்கிடாதீரும்" என்றார்.

டாக்டரம்மா வந்து மெல்லத் தடவிப் பார்த்து மறுபடி கட்டினார். "இப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்ல. கட்டுப் பிரிக்கிறப்பதான் தெரியும்."

மூலையில் இசக்கியம்மாள் நின்றாள். "நான் பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆவுடையம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீயும் பிள்ளைக்காவத்தானம்மா செஞ்ச. வா, காப்பி குடிப்போம்."

ஆறாம் வாரம் முடிந்த அன்று கட்டைப் பிரித்தார்கள். டாக்டரம்மா இடுப்பை அமுக்கிப் பார்த்தார், தையலைப் பார்த்தார். "ஒட்டிருச்சு. நல்லா ஒட்டிருச்சு!" என்றார். மாரிக்கனி ஓவென்று அழுதாள். இசக்கியம்மாள் அவளைக் கட்டிக்கொண்டாள்.

ஆவுடையம்மாளுக்கு வேலை இருந்தது. கட்டில் ஓரம் சரிந்து கிடந்த அழுக்குத் துணியை எடுக்கக் குனிந்தார். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை இடது காலைத் தூக்கி ஓர் உதை விட்டது. குதிகால் அவருடைய தலையில் வந்து விழுந்து, அங்கேயே இருந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் நிமிரவில்லை.

"இங்கயே வந்து வச்சிட்டீரா, சாமி" என்றார்.

தவம் கிடந்தவர்களும் தலைமேல் ஏற்க ஏங்கும் திருவடி அது. மூத்திரத் துணியும் கையுமாக அதைப் பெற்றுக்கொண்ட அம்மையாரை நாமும் கைகூப்பித் தொழுவோம்.