வீட்டில் இருப்பவருக்கு எதற்குச் சவரம்

"ஒரு பிளேடுக்கு நான் கணக்குச் சொல்லணுமா, அம்மா?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

மொட்டையம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"யார்கிட்ட?"

"மருமக கிட்ட."

"சொன்னீங்களா?"

"சொல்லலை. எழுந்து போயிட்டேன்."

மலையடிவாரத்தில், கிரிவலப் பாதையை ஒட்டி, தகரக் கூரை போட்ட கஞ்சிக் கூடம் அது. அதை நடத்துகிறவளின் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. தலையை மழித்துக்கொண்டவள் என்பதால் மொட்டையம்மா. வயது ஐம்பதுக்குள்தான் இருக்கும், ஏகாம்பரத்தைவிட நன்றாக இளையவள். ஆனாலும் அவள் எதிரே உட்கார்ந்தால் கிழவர்களுக்கும் வாயில் அம்மா என்றுதான் வரும்.

உபதேசம் செய்ய மாட்டாள். உபதேசம் வேண்டுமென்று காலில் விழுந்தவர்களுக்குக் கழுவுவதற்குப் பாத்திரம் கொடுப்பாள்.

ஏகாம்பரம் ஜவுளிக்கடையில், பட்டுப் பிரிவில் நின்று காலம் தள்ளியவர். அந்தக் கடை முதலாளி காலையில் ஒவ்வொருவர் கன்னத்தையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். வேலை நின்றது, மனைவி போய்ச் சேர்ந்தாள், சவரம் மட்டும் நிற்கவில்லை. பென்ஷன் இல்லாத உத்தியோகம். மகன் தீனதயாளன் வீட்டில் இருக்கிறார். சும்மா இருக்கிறார். வேறு எதுவும் செய்ய அங்கே அவருக்கு யாரும் இடம் வைக்கவில்லை.

"முழுசா சொல்லுங்க" என்றாள் அம்மா.

"அஞ்சு பிளேடு வெச்ச ரேசர் ஒண்ணு. தீனாதான் வாங்கிக் கொடுத்தான். ரப்பர் பிடி. பெட்டியைப் பார்த்தா நகைப்பெட்டின்னு நினைப்பீங்க. விக்கும்போது கம்பெனிக்காரன் மலிவாத்தான் விக்கறான். அப்புறம் அந்த பிளேடு வெச்ச தலை மழுங்கிட்டா வேற தலை வாங்கி மாட்டணும். அந்தப் பிடிக்கு அந்தத் தலைதான் சேரும், வேற சேராது. அது நாலு வாங்கற காசுல ஒரு மாசத்துக்குப் பருப்பு வாங்கிடலாம்."

"மழுங்குச்சா?"

"மழுங்காம? என்னுது நரைச்ச முடி. கம்பி மாதிரி நிக்கும்."

"கேட்டீங்க."

"கேட்டேன். ஒரு தடவை வாங்கிக் கொடுத்தாங்க. மறுபடி கேட்டேன். அப்பத்தான் சுகந்தி சொல்லுது. வீட்டுலதானே இருக்கீங்க மாமா, தினமும் எதுக்கு ஷேவ் பண்றீங்க, எங்க போகப் போறீங்கன்னு."

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க போறீங்க?" என்று கேட்டாள் அம்மா.

"எங்கேயும் போகலை."

"பையன் அப்ப எங்க இருந்தான்?"

"பக்கத்துலதான். போனைப் பார்த்துக்கிட்டு இருந்தான். வாயைத் திறக்கலை."

அம்மா ஒரு கல்லை எடுத்து வெளியே வீசினாள்.

ஏகாம்பரம் மடியிலிருந்த ரெக்ஸின் பையைத் திறந்தார். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கனமான எஃகு ரேசர், பழைய காலத்து மாடல், ஒற்றை பிளேடு போட்டுத் திருகுவது. ஒரு பிரஷ். மரக்கிண்ணத்தில் உருண்டை சோப்பு. ஒரு படிகாரக் கட்டி.

சுகந்தி அப்படிக் கேட்ட மறுநாளே பஜாருக்குப் போய் வாங்கியிருக்கிறார். கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தாராம். ரேசரை உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தார். பிரஷ் பன்றி முடியா நைலானா என்று கேட்டுக் கேட்டு, கன்னத்தில் தேய்த்துப் பார்த்து, கடைப் பையனை அழ வைத்தார். பெண் பார்க்கப் போனபோது இவர் பஜ்ஜி தின்னும் நேரத்தில் முடிவு சொன்னவர்.

"இனிமே கவலையே இல்லை, அம்மா. ஒரு பிளேடு ரெண்டு மூணு ரூபாய்தான். ரெண்டு பக்கமும் வெட்டும். எந்தப் பெட்டிக்கடையிலயும் கிடைக்கும், எந்த ரேசருக்கும் சேரும். யார் கையையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை."

"இதுக்கெல்லாம் காசு?"

"மோதிரத்தை வித்துட்டேன். வேலையை விட்டப்போ முதலாளி போட்ட மோதிரம்."

அம்மா அவர் கையைப் பார்த்தாள். விரலில் மோதிரம் இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

"சிக்கனத்துக்கு நிறைய செலவாயிருக்கு" என்றாள்.

ஏகாம்பரத்துக்குச் சுருக்கென்றது. "காசு பெருசில்லை. ரோஷம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"இருக்கு. ரேசர் இருக்கு, ரோஷமும் இருக்கு. அப்புறம் இங்க எதுக்கு வந்தீங்க?"

"இங்கேயே இருந்துடறேன், அம்மா. விறகு தூக்கறேன், கஞ்சி ஊத்தறேன், எதுவானாலும் செய்யறேன். அந்த வீட்டுல நான் ஒரு மனுஷன்னு யாருக்கும் நினைப்பில்லை. என்னைச் சேர்த்துக்குங்க."

அம்மா ரேசரைக் கையில் எடுத்தாள். கனம் பார்த்தாள். நல்ல சாமான் என்று அவள் முகத்தில் தெரிந்தது. தலையை மழிக்கிறவளுக்குத் தெரியாமலா இருக்கும். எல்லாவற்றையும் பையில் போட்டு ஜிப்பை இழுத்து, அரிசி டின்னுக்கு மேலே வைத்தாள்.

"பௌர்ணமி வரைக்கும் இது இங்க இருக்கட்டும். நீங்க வீட்டுக்குப் போங்க. ஷேவ் பண்ணாதீங்க."

"பௌர்ணமி வரைக்குமா? பரதேசி மாதிரி ஆயிடுவேனே."

"ஆகுங்க. வீட்டுல யாராவது ஏன்னு கேக்கறாங்களான்னு பாருங்க. ஒருத்தர் கேட்டாலும் பையை வாங்கிக்கிட்டு வீட்டோட இருங்க. ஒருத்தரும் கேக்கலைன்னா இங்க வந்துடுங்க."

சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று வந்தவர், மகன் கேட்டுவிட வேண்டுமே என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் போனார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் நினைத்தார்.

முதல் இரண்டு நாள் வித்தியாசம் தெரியவில்லை. பிறகு கன்னமெல்லாம் வெள்ளையாக முளைத்தது. ஏகாம்பரம் காலையில் மகன் காபி குடிக்கும் இடத்துக்கு எதிரே போய் உட்கார்ந்தார். விளக்கு வெளிச்சம் முகத்தில் விழும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். தாடையைச் சொறிந்தார். சத்தம் வரும்படி சொறிந்தார்.

தீனதயாளன் காபியைக் குடித்தான். போனைப் பார்த்தான். ஆபீஸுக்குக் கிளம்பினான்.

சுகந்தி மட்டும் ஒரு நாள் வாயைத் திறந்தாள். "இப்பல்லாம் பாத்ரூம் காலையில சீக்கிரம் காலியாயிடுது, நல்லாயிருக்கு மாமா." அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சந்தோஷப்பட்டுச் சொன்னாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் கேட்டார். "மலைக்கு மாலை போட்டிருக்கீங்களா, சாமி?"

"ஆமா" என்று சொல்லிவிட்டு நடந்தார் ஏகாம்பரம்.

யாரும் கேட்காத ஒவ்வொரு நாளும் வலித்தது. உண்மையைச் சொல்வதென்றால், வலியோடு கொஞ்சம் ருசியும் இருந்தது. பார்த்தியா, நான் சொன்னது சரிதானே, என்று இரவில் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம். வருத்தத்தில் இருப்பவர்களுக்குத் தங்கள் வருத்தம் பொய்த்துப் போவதைவிடப் பெரிய நஷ்டம் வேறு இல்லை.

பௌர்ணமியன்று மத்தியானமே கஞ்சிக் கூடத்துக்கு வந்துவிட்டார். வீட்டில் எங்கே போகிறேனென்று சொல்லவில்லை. எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்கவும் இல்லை.

"கேக்கலை, அம்மா. ரெண்டு பேருமே கேக்கலை. நீங்க சொன்னபடி வந்துட்டேன்."

"சரி."

அம்மா ஓர் அலுமினியத் தட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"என்ன இது?"

"பௌர்ணமிக்கு இங்க இருக்கறவங்க பாதையில வரிசையா உக்காருவாங்க. நீங்களும் போய் உக்காருங்க."

"பிச்சைக்கா?"

"கஞ்சிக்கு அரிசி எங்கேருந்து வருதுன்னு நினைச்சீங்க?"

ஏகாம்பரம் தட்டை வாங்கிக்கொண்டார். லட்ச ரூபாய்ப் பட்டை விரித்துக் காட்டிய கை. தெரிந்தவன் எவனாவது பார்த்துவிடப் போகிறான் என்று துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டார். வரிசையின் நடுவில், ஜடாமுடிச் சாமியார் ஒருவருக்கும் கண் தெரியாத கிழவி ஒருத்திக்கும் இடையில் போய் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

கூட்டம் வந்துகொண்டே இருந்தது. குனிந்திருப்பவருக்குக் கால்களும் கைகளும்தான் தெரிந்தன. ஒரு கை காசு போடும், அடுத்த தட்டுக்கு நகரும். இன்னொரு கை பிஸ்கட் பாக்கெட் வைக்கும், நகரும். யாரும் நிற்கவில்லை. வரிசை நீளம், சில்லறை கொஞ்சம், மலையைச் சுற்றி முடித்து வீட்டுக்குப் போக வேண்டும். புண்ணியம் சம்பாதிப்பதிலும் அவசரம் அவசரம்தான்.

வெயில் தாழ்ந்த நேரம். ஒரு கை, பத்து ரூபாய் நோட்டு ஒன்றை அவர் தட்டில் வைத்தது.

ஏகாம்பரத்தின் கண் அந்தக் கையிலேயே நின்றது.

கை கிழவியின் தட்டுக்குப் போயிற்று. அதற்கடுத்த தட்டுக்குப் போயிற்று. போய்விட்டது.

அவர் எழுந்தார். கால் மரத்துப் போயிருந்தது. தட்டை அங்கேயே விட்டுவிட்டு, நோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு கஞ்சிக் கூடத்துக்கு வந்தார். அம்மா பெரிய அண்டாவைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"தீனா வந்தான், அம்மா."

"யாரு, உங்க பையனா?"

"அவன்தான். என் தட்டுல காசு போட்டுட்டுப் போறான். பாருங்க."

நோட்டை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"இத்தனை நாளா வீட்டுல எதிர எதிர உக்காந்தேன். ஏன்பா இப்படி இருக்கீங்கன்னு ஒரு வார்த்தை இல்லை. இன்னைக்கும் என் மூஞ்சியைப் பார்க்கலை. பெத்த அப்பன் மூஞ்சி, அம்மா. பிளேடுக்கு அவன்கிட்ட கேட்டுக் கேட்டு நின்னேன். இங்க கேக்காமலே போடறான்."

அழுதார். தாடியில் கண்ணீர் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"இனிமே அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். நீங்க போன்னாலும் போக மாட்டேன்."

அம்மா கரண்டியை அண்டாவின் விளிம்பில் சாய்த்து வைத்தாள்.

"அவன் மூஞ்சியை நீங்க பார்த்தீங்களா?"

"இல்லை. குனிஞ்சுதான் இருந்தேன்."

"அப்ப வேற யாராவதா இருக்கும்."

"வேற யாரா?" ஏகாம்பரத்துக்குக் கோபம் வந்தது. "என் பிள்ளை கை எனக்குத் தெரியாதா? வலது கட்டைவிரல் நகம் கறுத்துப்போய்ப் பாதி கழண்டு நிக்குது. எதுலயோ நசுங்கியிருக்கு. ஒரு வாரமா அந்த விரலைத் தூக்கிக்கிட்டுத்தான் சாப்பிடறான். சட்டைப் பொத்தான் போட முடியாம பல்லைக் கடிக்கிறான். இட்லியைப் பிய்க்கறதுக்குள்ள அவனுக்கு உயிர் போகுது. தினமும் எதிர உக்காந்து பார்த்துக்கிட்டு இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"அடப் பாவமே" என்றாள் அம்மா. "எதுல நசுங்குச்சாம்?"

ஏகாம்பரம் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார்.

அண்டாவில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

"நான் கேக்கலை, அம்மா."