பின்சக்கரத்துச் சந்தனம்

இந்தக் கதையின் முடிவில் ஒரு பரிசு இருக்கிறது. மூன்று பேர் அதற்கு உரிமை கொண்டாடுவார்கள். யாருக்குக் கொடுப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதனால் யார் எதை எப்போது பார்த்தார்கள் என்பதில் மட்டும் கண் வையுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

புதுக்கோட்டையில் பெண்களுக்கென்றே கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் மங்கையர்க்கரசி. ஊருக்கு அவள் அரசி டீச்சர். ஒற்றைக் காரை வைத்துக்கொண்டு அவள் பள்ளி தொடங்கியபோது உதட்டைப் பிதுக்காத ஆளில்லை. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "கண்ணாடியப் பாக்காம வண்டியத் திருப்புனா, அங்கேயே இறக்கி விட்டுருவேன்" என்பதுதான் அவள் நடத்தும் முதல் பாடம். அவளிடம் படித்த முதல் நான்கு பெண்களுக்கு மறுநாள் காலை ஆர்.டி.ஓ. மைதானத்தில் தேர்வு இருந்தது.

ஆயுதபூஜை முடிந்து மூன்றாம் நாள் அது. சக்கரத்துக்கு ஒரு பொட்டு வைத்தோம், முடிந்தது என்று விடுகிறவள் அல்ல அரசி. மூடி போடாத அந்தச் சக்கரங்களில் ஒவ்வொரு நட்டின் தலையிலும் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்திருந்தாள். அந்தக் கோலத்திலேயே காரைக் கொண்டுபோய் பைபாஸ் சாலை சர்வீஸ் சென்டரில் விட்டாள். ஆயில் மாற்றி, கழுவித் தந்தால் போதும். மாலையில் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

அதுவரை அங்கேயே காத்திருந்தவளிடம் பதினொரு மணிக்கு சர்வீஸ் அட்வைசர் நிரஞ்சன் வந்தான். கசங்காத சட்டை, தேன் ஒழுகும் பேச்சு. இன்ஜினைச் சுத்தம் செய்ய வேண்டும், அடியில் துருப்பிடிக்காமல் பூச்சு அடிக்க வேண்டும், ஏசிக்கு மருந்து போட வேண்டும் என்று பட்டியல் அனுமார் வாலாக நீண்டது. எல்லாவற்றுக்கும் "வேணாம் தம்பி" என்றாள் அரசி. கடைசியில் அவன் குரலைத் தாழ்த்தினான்.

"பின் பிரேக் ஷூ ரெண்டு பக்கமும் சுத்தமா தேஞ்சுபோச்சு மேடம். மெக்கானிக் பாத்துட்டாரு. வண்டி நாளைக்குச் சாயந்திரம்தான் கிடைக்கும். வேணாம்னாலும் உங்க இஷ்டம். ஆனா பொண்ணுங்க உயிர் விஷயம், பாத்துக்கங்க."

அரசி யோசித்தாள். பழகுகிறவர்கள் மிதிக்கிற மிதிக்கு பிரேக் தேய்ந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அவன் சொல்வது பொய்யாக இருந்தால், அதை நம்பி நாளைய தேர்வைக் கோட்டைவிட வேண்டும். உண்மையாக இருந்து அவள் மறுத்தால், நான்கு குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

"வண்டிய நான் பாக்கணும்" என்று எழுந்துவிட்டாள்.

கார் இன்னும் கழுவப்படாமல் லிஃப்டில் நின்றது. மெக்கானிக் பழனியாண்டி பக்கத்தில் இருந்தார். அவர் கையிலிருந்த ஜாப் கார்டில் 'பின் பிரேக் சோதனை' என்ற வரிக்கு நேரே டிக் போட்டிருந்தது.

"பின் பிரேக்கப் பாக்கணும்னா சக்கரத்தக் கழட்டணும், இல்லையாண்ணே?"

"ஆமாம்மா."

"சக்கரத்தக் கழட்ட நட்டக் கழட்டணும்." அரசி விரலை நீட்டிக் காட்டினாள். இரண்டு பின்சக்கரங்களிலும் ஒவ்வொரு நட்டின் மேலும் சந்தனம் காய்ந்து, ஒரு கீறல்கூட விழாமல் இருந்தது. "ஸ்பானர் பட்டிருந்தா இது உதிராமலா இருக்கும்?"

பழனியாண்டி தலையைக் குனிந்துகொண்டார். விஷயம் தெரிந்து மேனேஜர் ஹரிகரன் ஓடிவந்தார்.

"தப்பு நடந்துபோச்சு மேடம். உங்களுக்கு ஷூவும் வேணாம், ஒண்ணும் வேணாம். இன்னைக்கு சர்வீஸ் மொத்தமும் இலவசம். வண்டிய எடுத்துக்கிட்டு சந்தோஷமா கிளம்புங்க."

வேறு யாராவது என்றால் ஜெயித்த மிதப்பில் கிளம்பியிருப்பார்கள். நானாக இருந்தாலும் கிளம்பியிருப்பேன்.

அரசி கிளம்பவில்லை. "தேஞ்சுபோச்சுன்னு சொன்ன தம்பியும் பாக்கல. ஒண்ணும் வேணாம்னு சொல்ற நீங்களும் பாக்கல சார். கழட்டுங்க, என் கண்ணு முன்னாடி."

கழற்றினார்கள். வலது பக்க ஷூ தடிமனாக, நன்றாகவே இருந்தது. இடது பக்க ஷூவும் தேயவில்லை. ஆனால் அதன் மேலே, ஷூவைத் தள்ளும் சிலிண்டரைச் சுற்றி ஈரம் மினுங்கியது. பிரேக் ஆயில் கசியத் தொடங்கியிருந்தது.

"இப்படியே ஓட்டியிருந்தா ஒருநாள் பெடல் தரையோட போயிருக்கும்மா" என்றார் பழனியாண்டி. மதியச் சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் புது சிலிண்டர் மாட்டி, பிரேக்கைச் சரிபார்த்து, மூன்றரை மணிக்கு வண்டியை இறக்கிக் கொடுத்தார்.

சாவியை வாங்கும்போதுதான் பரிசுப் பேச்சு வந்தது. கம்பெனியிலிருந்து இரண்டு நாளில் போன் வரும். சிறப்பாக உதவியவர் யார் என்று கேட்பார்கள். ஒரே ஒரு பெயர்தான் சொல்லலாம். பத்துக்குப் பத்து மார்க் வாங்குகிறவருக்கு அந்த மாதப் பரிசு.

"பிரேக்ல கோளாறுன்னு முதல்ல சொன்னது நான்தானே மேடம்?" என்றான் நிரஞ்சன், கொஞ்சமும் கூசாமல்.

"தப்ப ஒத்துக்கிட்டு இலவசமா குடுத்தது நான்" என்றார் ஹரிகரன்.

"கசிவக் கண்டுபிடிச்சதும் சரிபண்ணதும் நாந்தாம்மா" என்றார் பழனியாண்டி மெதுவாக.

மறுநாள் நான்கு பெண்களும் முதல் முயற்சியிலேயே தேறினார்கள். அரசிக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்கடுத்த நாள் போனும் வந்துவிட்டது. இப்போது சொல்லுங்கள்: இதில் யார் செய்தது சரி? பத்துக்குப் பத்து யாருக்கு?

விடை: நிரஞ்சன் குருட்டாம்போக்கில் சொன்னது பாதி பலித்துவிட்டது, அவ்வளவுதான். ஹரிகரன் அந்தக் கசிவையும் சேர்த்து இலவசமாக வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார். பழனியாண்டியின் கை நல்ல கை; அதற்கு அரசி அன்றே மனதார நன்றி சொல்லிவிட்டாள். ஆனால் சக்கரத்தைத் தொடும் முன்பே டிக் போட்டதும் அதே கைதான். ஆகவே போனில் கேட்டபோது அரசி சற்றும் தயங்காமல், "மங்கையர்க்கரசி. பத்துக்குப் பத்து" என்றாள். "அந்தப் பேர்ல எங்க ஸ்டாஃப் யாரும் இல்லையே மேடம்?" என்று குழம்பியது எதிர்முனை. "உங்க ஸ்டாஃப் இல்லம்மா. பாக்காம திருப்பாதேன்னு பாடம் நடத்துறவ."