செம்போத்தின் தொண்டை வெந்த கதை

அந்தக் காலத்தில் பறவைகளுக்கும் மனிதர்களுக்கும் ஒரே பேச்சு. செம்போத்து அப்போது புதரில் ஒளியாது. வீட்டுக்கு ஒன்றாகக் கூரை விட்டத்தில் குடியிருக்கும். தம் வயிறு நிறைந்தது மனிதர்களுக்குத் தெரியாது. செம்போத்துதான் பார்த்துச் சொல்லும். அது "போதும்" என்றால் எப்பேர்ப்பட்டவரும் கை கழுவிவிடுவார்.

பூவாத்தா என்றொருத்தி. மூன்று வருடம் மழை பொய்த்ததில் இரண்டு பிள்ளைகளைப் பசிக்குப் பறிகொடுத்தவள். எலும்பும் தோலுமாக மிஞ்சியது மகள் சிட்டாள் ஒருத்திதான். நான்காம் வருடம் கரும்பு விளைந்தது. அடுப்பில் பாகு கொதிக்க, கம்மஞ்சோற்றில் பாகைப் பிசைந்து மகளுக்கு ஊட்டினாள். ஏழெட்டு வாய்கூட ஆகவில்லை.

"போதும் பூவாத்தா, பிள்ளைக்கு வயிறு நிறைஞ்சிருச்சு" என்றது செம்போத்து.

பூவாத்தா நிமிர்ந்து விட்டத்தை முறைத்தாள். "ரெண்டைப் பசிக்குக் குடுத்தவகிட்டயா போதும்ங்கறே?"

கொதிக்கிற பாகை அகப்பையில் அள்ளி விட்டத்தை நோக்கி வீசினாள். திறந்திருந்த அலகுக்குள் அது விழுந்தது. பறவை துடித்துக்கொண்டு வெளியே பறந்தது.

செம்போத்துகள் எத்தனை இருந்தாலும் குரல் ஒன்றுதான். அந்தக் கணமே உலகத்து வீடுகளில் எல்லாம் அந்தக் குரல் அடைத்துப்போனது.

பூவாத்தா அதையெல்லாம் யோசிக்கவில்லை. ஊட்டினாள். மகளின் கன்னம் உப்ப உப்ப, பிள்ளை பிழைத்துக்கொண்டாள் என்று பூரித்தாள்.

சிட்டாளுக்குப் பதினைந்து வயதானபோது ஒருநாள் இருவரும் ஏரிக்கரை ஏறினார்கள். பாதி மேட்டில் மகள் பொத்தென்று உட்கார்ந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"அம்மா, மூச்சு முட்டுது. முட்டி தாங்கலை."

பதினைந்து வயதில் முட்டி தாங்கவில்லையா! பூவாத்தா மகளைத் தாங்கிப் பிடித்தாள். அப்போதுதான் அக்கம்பக்கம் பார்த்தாள். கரையேறும் அத்தனை பேரும் பருத்த உடம்போடு அப்படியே நின்று நின்று மூச்சு வாங்கினார்கள்.

அவ்வழியே வந்த கப்பல் வியாபாரி, "இங்க மட்டுமில்லை தாயி. கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதிதான். சாப்பாட்டை எங்க நிறுத்தறதுன்னு ஒருத்தருக்கும் தெரியலை" என்றான்.

பூவாத்தா பாகை வீசிய தன் கையைப் பார்த்தாள். என் ஒரு கையா இத்தனையும் செய்தது?

புதர் புதராகத் தேடினாள். முள் அடர்ந்த ஒரு சங்கஞ்செடிக்குள் செம்போத்து உட்கார்ந்திருந்தது. வேதனையில் அதன் கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன.

"என்னை மன்னிக்க வேண்டாம். என் பொண்ணுக்காக ஒரே ஒரு தடவை அந்தச் சொல்லைச் சொல்லிடு" என்று கைகூப்பினாள்.

பறவைக்கு மனமிருந்தது. கழுத்தைத் தாழ்த்தி, மார்பை எக்கி முயன்றது.

"ஊம்... ஊம்... ஊம்..."

அவ்வளவுதான் வந்தது.

அன்று முதல்தான் செம்போத்து சிவந்த கண்ணோடு புதருக்குள் மறைந்து திரிகிறது. அன்று முதல்தான் உலகத்தில் எந்த ஊரிலும், சாப்பிட உட்கார்ந்தவரிடம் போதும் என்று சொல்ல ஆளில்லை. பெற்றவள்கூட, "இன்னும் ஒரு வாய்" என்றுதான் சொல்கிறாள்.