ஆயிரத்தொன்பதாவது விளக்கு

ஏரிக்கரை மடத்தில் அன்று ஆயிரத்தெட்டு விளக்குப் பூஜை. இருபத்தெட்டு வரிசை, வரிசைக்கு முப்பத்தாறு பெண்கள். ஒரு விளக்கிலிருந்து அடுத்ததற்குத் தீபம் போகும். எல்லா வரிசையிலும் கடைசி விளக்கு ஒரே நேரத்தில் எரியவேண்டும் என்பது அந்த மடத்து வழக்கம்.

வரிசை போடும் பொறுப்பு வேதநாயகிக்கு. மத்தியானம் அவள் குமுதினி அம்மாவிடம் வந்து பொரிந்து தள்ளினாள். குமுதினி அம்மா அவளைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அவளுக்குக் குரு.

"செங்கல் சூளையிலிருந்து ஒருத்தி வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள் அம்மா. சின்னக்கிளியாம் பெயர். நாளைக்கு மகளுக்கு இருதய ஆபரேஷனாம். இடம் கேட்கிறாள்."

"கொடு."

"எங்கே கொடுப்பது? ஆயிரத்தெட்டு சொன்னபடி கேட்கும் எண். மூன்றாகப் பிரிக்கலாம், ஏழாகப் பிரிக்கலாம், ஒன்பதாகப் பிரிக்கலாம். இவள் ஒருத்தி சேர்ந்தால் எல்லாம் கெட்டது. சுவரோரமாகத் தனியே ஏற்றிக்கொள் என்றேன். அதற்கு என்ன வாய் பேசுகிறாள் தெரியுமா?"

வாசலில் இருந்த சின்னக்கிளியே அதைச் சொன்னாள்.

"தனியா ஏத்தணும்னா எங்க வீட்லயே ஏத்திருப்பேன். இதுக்கு எதுக்கு நாலு மைல் நடந்து வரணும்? எல்லாரோட வேண்டுதலும் போறப்ப எம்புள்ளைக்கும் சேர்ந்து போகட்டும்னுதானே வந்தேன்?"

"பார்த்தீர்களா?" என்றாள் வேதநாயகி.

குமுதினி அம்மா ஒரு சாக்குக்கட்டியை அவளிடம் நீட்டினார்.

"ஆயிரத்தொன்பதைச் சம வரிசையாகப் பிரித்துக் காட்டு."

வேதநாயகி படித்தது ஐந்தாம் வகுப்பு. வாய்ப்பாடு மட்டும் மறக்கவில்லை. முற்றத்துத் தரையில் உட்கார்ந்து போட்டாள். ஏழில் ஒன்று மிஞ்சியது. பதினொன்றில் எட்டு. பதின்மூன்றிலும் எட்டு. பத்தொன்பதில் இரண்டு. ஒவ்வொரு முறை மிஞ்சும்போதும் சின்னக்கிளியை முறைத்தாள்.

"முப்பத்தொன்று வரை போட்டுவிட்டேன். பதினேழு மிச்சம். இனிமேல் போட்டும் பயனில்லை. முப்பத்திரண்டை முப்பத்திரண்டால் பெருக்கினாலே ஆயிரத்து இருபத்துநாலு, தாண்டிவிடுகிறது. பிடிவாதம் பிடித்த எண் அம்மா. எதற்கும் மசியாது. வந்து உட்கார்ந்திருக்கிறாளே, அவளைப் போல."

"எதற்குமேவா?"

வேதநாயகி தரையில் போட்ட கணக்கை மறுபடி மேலிருந்து பார்த்தாள்.

"ஒரே வரிசையாகப் போட்டால் மிஞ்சாது."

"ஏரிக்கரை நீளமாகத்தானே இருக்கிறது."

வேதநாயகிக்கு முகம் சிவந்துவிட்டது.

"நன்றாகச் சொன்னீர்கள். டாக்டர் வீட்டு அம்மா, அரிசி ஆலைக்காரர் மனைவி, இன்னும் முப்பத்துநாலு பேர். முதல் வரிசை வேண்டுமென்று தை மாதமே சொல்லி வைத்தவர்கள். திட்டு வாங்கப்போவது நான். அவர்களுக்கு என்ன பதில் சொல்வேன்?"

குமுதினி அம்மா சின்னக்கிளியின் கையிலிருந்த விளக்கை வாங்கி வேதநாயகியிடம் கொடுத்தார்.

"முதல் வரிசைதான் கொடுத்திருக்கிறேன் என்று சொல்."