மாடு ஏன் விழுங்கிவிட்டு மெல்லுகிறது

அசை போடும் மாடு ஆழ்ந்து சிந்திக்கிறது என்று உலகம் நம்புகிறது. படித்தவர்களும் நம்புகிறார்கள் என்பதைக் கனத்த மனத்துடன் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. சிந்தனைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது பயத்தில் கற்ற பழக்கம்.

அந்தக் காலத்தில், விலங்குகள் வாய்விட்டுப் பேசிய நாளில், மாடுகளும் மென்றுதான் விழுங்கின. செம்மண் காட்டில் பலா விளையும் ஊர் ஒன்று இருந்தது. அங்கே சுளை மனிதருக்கு, கொட்டை அடுப்புக்கு, தோல் குழிக்கு. பலாவில் மனிதன் தின்னாதது விஷம் என்பது ஊர்ச் சட்டம். தோலைத் தின்ற மாட்டை மலைக்கு அப்பால் விரட்டிவிடுவார்கள். கன்று மட்டும் ஊரில் நிற்கும். குழிக்குக் காவல் சடையன்.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. மருந்துக்கும் புல் இல்லை. பொன்னுருவி வளர்த்த காரி என்ற பசு அப்போதுதான் ஈன்றிருந்தது. மடியில் பால் இல்லை. காலையிலிருந்து கன்று எழவில்லை. முட்டிப் பார்க்கவும் அதற்குத் தெம்பில்லை.

வேலியோரம் நின்ற வெள்ளாடு தாடியை ஆட்டிக்கொண்டு, தான் வெகுநாளாகத் தோல் திருடித் தின்பதாகவும், பழத்தின் பாதிச் சத்து அதில்தான் ஒட்டியிருப்பதாகவும் சொன்னது.

"விஷமாச்சே," என்றது காரி.

"விஷம்னா நான் இந்நேரம் பேய். பேயோட எதுக்குக்கா பேசிக்கிட்டிருக்க?"

சடையன் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்துக் காரி குழிக்குள் தலையை விட்டது. முள்தோல் உதட்டைக் கீறியது. உள்பக்கம் மஞ்சள் சக்கை தேனாய் இனித்தது. ஒரு வாய் மெல்வதற்குள் செருப்புச் சத்தம் கேட்டது. துப்பினால் கன்று சாகும். மென்றுகொண்டு நின்றால் மலைக்கு அப்பால் போக வேண்டும். காரி அப்படியே விழுங்கியது. எட்டியதையெல்லாம் விழுங்கியது.

"வாயைத் திற, தாயி," என்றான் சடையன்.

திறந்தது. நாக்கைத் தூக்கிப் பார்த்தான். கடைவாயில் விரல் விட்டுத் துழாவினான். ஒன்றுமில்லை. ஆனால் பலா வாசனை ஒளியக்கூடியதா?

"மூச்சுல பலா மணக்குதே?"

"குழிப்பக்கம் நிக்கிறேன். உன் மூச்சும் அப்படித்தான் மணக்குது."

சடையன் உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்த்தான். பிறகு தொழுவம்வரை பின்னாலேயே வந்தான்.

காரி படுத்தது. வயிற்றுக்குள் போன தோல் மெல்ல மேலே வந்தது. சடையன் வேறு பக்கம் பார்த்தபோதெல்லாம் காரி தாடையை அசைத்தது, திரும்பியபோது நிறுத்தியது.

பொழுது சாயும் நேரத்தில் பொன்னுருவி கன்றைத் தூக்கி அதன் வாயை மடிக்காம்பில் வைத்தாள். கன்று சும்மா கிடந்தது. பிறகு ஒருமுறை சப்பியது. மறுபடியும் சப்பியது. வாயோரம் நுரை கண்டது. அவள் அதை விரலில் தொட்டு முகர்ந்தாள், பலா மணத்தது. எட்டி நின்ற சடையனுக்கும் மணத்தது.

"ஓட்டிட்டுப் போகப்போறியா?" என்றாள், கன்றை விடாமல்.

சடையன் கம்பைச் சுவரில் சாய்த்தான். "என் வீட்டு மாடும் வறண்டுதான் கிடக்குது, தங்கச்சி. நேத்துப் புதைச்ச தோலைத் தோண்டி எடுத்தா ஆகுமா?"

அன்று முதல்தான் பலா அறுக்கிற வீட்டில் தோல் மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. போட்டவர் எதிரே நின்று தடவிக் கொடுத்தாலும், மாடு முதலில் விழுங்கிவிடுகிறது. ஆள் போன பிறகே மெல்லுகிறது.